உங்கள் மட்டைக்கும் கை உண்டாம்

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டால்தான் என் குரல் உங்களுக்கு அடையாளம் தெரியும். பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, இனிமேலும் வேண்டாம். நல்லபடியாக இருக்கிறீர்களா? அங்கே காலையில் காபி யார் போட்டுத் தருகிறார்கள்? சர்க்கரை கேட்டால் கொடுத்துவிடுகிறார்களா?

இங்கே எல்லாரும் சௌக்கியம். நம் அல்சூர் வீட்டைக் காலி செய்யப் போகிறோம். நம் ரகு ஒயிட்ஃபீல்டில் ஃபிளாட் வாங்கிவிட்டான். எனக்கென்று ஓர் அறை, சாமிக்கு ஓர் அலமாரி. மொட்டை மாடி மட்டும்தான் இல்லை. மருமகள் சிந்து தங்கமானவள். "சாமி படம் ஒண்ணுகூட விடவேணாம் அத்தை, எல்லாத்துக்கும் இடம் பண்ணிக்கலாம்" என்று அவளாகவே சொன்னாள்.

வம்பு வந்தது உங்கள் கோல்ஃப் பையால். சாமான் பிரித்த அன்று ரகு அதைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, என் முன்னால் வைத்தான்.

"இதை என்னம்மா பண்றது?"

"என்ன பண்றது? எடுத்துட்டு வர்றது."

"யாரு ஆடப்போறா? ஒரு வருஷம் தொடாத சாமான் வீட்ல இருக்கக்கூடாதுன்னு நீதானே சொல்லுவ? என் கிட்டாரைத் தூக்கிக் குடுத்தியே, மறந்துட்டியா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அது நான் போட்ட சட்டம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வீட்டையே கவிழ்த்துப்போட்டு, வரவு செலவு பார்க்கிற மாதிரி ஒவ்வொரு சாமானாகப் பார்த்து, பயன்படாததை வெளியே அனுப்பினவள் நான். உங்கள் டிரான்சிஸ்டர்கூடத் தப்பவில்லை. இப்போது உங்கள் பைக்காக மட்டும் சட்டத்தை வளைத்தால், நாளைக்கு என் பேச்சுக்கு என்ன மரியாதை?

"நான் ஆடப்போறேன்" என்று சொல்லிவிட்டேன்.

ரகு சிந்துவைப் பார்த்தான். சிந்து என் முழங்காலைப் பார்த்தாள்.

"சரிம்மா. வீடு மாத்தறதுக்குள்ள ஒரே ஒரு பந்து ஒழுங்கா அடிச்சுக் காட்டு. பை நம்மகூட வரும். இல்லேன்னா யாருக்காவது குடுத்துடலாம்."

யாரிடம் போய்க் கற்றுக்கொள்வது? யூடியூபில்தான். புள்ளிக் கோலம், ஸ்வெட்டர் பின்னல், பஸ் போர்டைப் பார்த்துக் கன்னட எழுத்து, எல்லாமே நான் பார்த்துப் பார்த்துக் கற்றதுதானே. கோல்ஃபுக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது? தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர், புதிதாக ஆட வருகிறவர்களுக்கென்று வரிசையாகப் பாடம் போட்டிருக்கிறார். அவருடைய இங்கிலீஷ் வேகத்துக்கு என் காது ஓடவில்லை. சத்தத்தை அடைத்துவிட்டுக் கைகாலை மட்டும் பார்த்தேன். காலையில் விளக்கேற்றி முடித்ததும் மாடிக்குப் போய், போனைத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்த்துவைத்து எதிரே நிற்பேன். அவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் நானும் சாய்வேன். தலையைக் குனிந்து, நினைப்பை ஒரே இடத்தில் வைத்து நிற்பது மட்டும் உடனே வந்துவிட்டது. சன்னிதியில் நின்ற பழக்கம்.

நீங்களும் அந்த மொட்டை மாடியில்தானே மட்டையோடு நின்றீர்கள். நீங்கள் ரிடையராகிற சமயத்தில், வெளிநாட்டுக்குக் கிளம்பிய உங்கள் ஆபீசர் இந்தப் பையை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனாரே, அதிலிருந்து பிடித்தது இந்தப் பைத்தியம். துணிக்கொடியில் நான் பழைய போர்வையைக் கட்டிக் கொடுப்பேன். நீங்கள் அதில் பந்தை அடிப்பீர்கள். தொப், தொப் என்று சத்தம் கேட்கும். "உங்க வீட்டுக்காரரு மெத்தைக்குப் பஞ்சு அடிக்கிறாரா?" என்று கீழ்வீட்டு அம்மா கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போய்விட்டு வந்து, என் கையிலிருக்கும் தோசைக் கரண்டியைப் பிடுங்கி, இடுப்பு எப்படித் திரும்ப வேண்டும் என்று காட்டுவீர்கள். தோசை கருகும். "சிரிக்காதடி சரசு, இது உடம்புக்குத் தியானம்" என்பீர்கள்.

நீங்கள் போய், அந்தத் தொப் சத்தமும் நின்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமை வருவதும் தெரிவதில்லை, போவதும் தெரிவதில்லை.

போன வாரம் ரகு என்னைப் பயிற்சி மைதானத்துக்குக் கூட்டிப்போனான். காலுக்குக் கீழே பச்சை ரப்பர் பாய், பக்கத்தில் ஒரு கூடை நிறையப் பந்துகள், எதிரே கண்ணுக்கெட்டுகிற வரைக்கும் புல். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கேன்வாஸ் ஷூவோடு நின்றேன். பிள்ளையாரே என்று மட்டையைத் தூக்கும்போதே, அங்கே சொல்லிக்கொடுக்கிற காவ்யா வந்துவிட்டாள். கன்னடப் பெண். நம் தமிழும் பேசுகிறாள்.

"ஆன்ட்டி, நீங்க லெஃப்டியா?"

"என்னம்மா?"

"இடது கைக்காரங்களா? அப்படி நிக்கறீங்க."

"சிவசிவா! எனக்குச் சோத்துக்கைதாம்மா. தினம் கோயிலுக்குப் போறவ நான்."

"ஹௌதா, அப்படியா? அப்போ யாரு இப்படிக் கத்துக்குடுத்தது?"

"போன்ல பாத்தேன். அவரு கை எந்தப் பக்கம் போச்சோ, என் கையும் அந்தப் பக்கம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ ஆன்ட்டி! கண்ணாடி பாக்கற மாதிரி கத்துட்டு வந்திருக்கீங்க. எதிர்ல நிக்கறவரோட வலது, உங்களுக்கு இடது பக்கம்தானே தெரியும்!"

உங்கள் பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. காவ்யா என் கையிலிருந்து மட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றது.

"ஆன்ட்டி, இது இடது கைக்காரங்க ஸ்டிக். சரியாக் கத்துட்டு வந்திருந்தா, பந்தை இதோட முதுகாலதான் அடிச்சிருப்பீங்க. இது யாரோடது?"

"எங்க வீட்டுக்காரரோடது."

மட்டைக்கும் கை உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீங்களும் சொல்லவில்லையே. உங்கள் ஆபீசரும் இடது கைக்காரர் என்பதும், அத்தனை பேர் இருந்தும் உங்களைத் தேடிக் கொடுத்தது ஏன் என்பதும், அந்த ரப்பர் பாயில் நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது.

உங்கள் இடது கையோடு எத்தனை மல்லுக்கட்டியிருக்கிறேன்! குருக்கள் விபூதி நீட்டினால் அது முந்திக்கொண்டு போகும். முழங்கையால் இடித்து, "சோத்துக்கை, சோத்துக்கை" என்பேன். "அம்மனே இடது பக்கம்தான்டி நிக்கறா, முதல்ல அவளை மாறி நிக்கச் சொல்லு" என்பீர்கள், குருக்கள் காதிலும் விழுகிற மாதிரி. மளிகைக் கடையில் நீங்கள் நீட்டிய காசைக் கடைக்காரர் வாங்காமல் நின்றால், நான் பிடுங்கி என் சோத்துக்கையால் கொடுப்பேன். ஆனால் எனக்குக் காய்ச்சல் கண்ட நாளெல்லாம் நெற்றியில் பற்றுப் போட்டது அந்தக் கைதானே.

"சோத்துக்கைப் பக்கம் மாத்திக்கோங்க ஆன்ட்டி, சுலபமா வரும்" என்றாள் காவ்யா. "இங்கயே வேற ஸ்டிக் இருக்கு, தரேன்."

ரகுவுக்கும் அதற்குள் ஆசை வந்துவிட்டது. "உனக்குப் புது செட்டே வாங்கித் தரேம்மா. இதை யாராவது இடது கைக்காரங்களுக்குக் குடுத்துடலாம், பயன்படும்."

நல்ல மனசோடு சொன்னான். நியாயமும் அதுதான். முறையாகக் கற்றுக்கொண்டால் உங்கள் பை போய்விடும். இப்படியே நின்றால்தான் அது என்னோடு வரும்.

"காவ்யா, நான் நிக்கறது தப்பா?"

"தப்பில்ல ஆன்ட்டி. கஷ்டம், அவ்ளோதான்."

"கஷ்டம்னா பரவாயில்ல."

மட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். முதல் வீச்சு காற்றோடு போனது. அடுத்தது ரப்பர் பாயைச் செதுக்கியது. பிறகு அடித்தவை கோணல்மாணலாகப் புல்லில் உருண்டன. கூடை காலியாகிக்கொண்டே வந்தது. எனக்குத் தோள் வலித்தது, வீம்பும் வந்தது. தலையைக் குனிந்து, பந்தைத் தவிர எல்லாவற்றையும் மறந்து வீசினேன். சுள்ளென்று ஒரு சத்தம். நிமிர்ந்தபோது பந்து மேலே இருந்தது. தூரமொன்றும் இல்லை. ஆனால் நேராகப் போனதுங்க.

ரகு பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு சிந்துவுக்குப் போன் செய்தான். "வண்டியில அப்பா பைக்கு ஒரு இடம் வை" என்றான்.

வீட்டுக்கு வந்து, வரவு செலவு நோட்டை எடுத்து, அந்தப் பந்துகளுக்குக் கொடுத்த காசை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோயில் செலவில் எழுதிவிட்டேன். சாமி கோபித்துக்கொள்ளாது.

ஒன்று கேட்கவேண்டும். அந்த மொட்டை மாடியில், எனக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியதா? கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேனா, அடுப்பில் வேலையிருக்கிறது என்று போயிருப்பேனா? தெரியவில்லை.

சட்டத்தை நான் மாற்றவில்லை. மாற்றவும் மாட்டேன். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஒயிட்ஃபீல்டுக்குப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை தோறும் இந்தப் பையைத் திறப்பேன். முழங்கால் ஒத்துழைக்காத வாரத்தில், உட்கார்ந்தபடி மட்டைகளையாவது துடைத்துவைப்பேன். தொடாத சாமான் என்று என் வீட்டில் அதை யாரும் சொல்லிவிட முடியாது.

உங்கள் பக்கமாகவே நின்று பழகும்,
உங்கள் வீட்டுக்காரி
சரசு