வெயிலில் வைத்த பிளேட்டுகள்

மார்ச் 12, புதன்.

மைத்துனனும் அச்சகப் பங்காளியுமான சேகருக்கு நாளை தரவேண்டிய கடிதம்:

1. மார்ச் 3: கெமிஸ்ட்ரி-ஃப்ரீ அச்சுப் பிளேட் போதும், கம் கரைசல் போட்டுக் கழுவியதும் அச்செழுத்து கண்ணுக்குத் தெரியும் என்று எழுதிக் கொடுத்தேன். படிக்காமலே, கழுவத் தேவையில்லாத, எழுத்தும் கண்ணுக்குத் தெரியாத பிராசஸ்லெஸ் பிளேட் வாங்கினீர்கள்.
2. மார்ச் 10: இனி எதையும் கழுவ வேண்டியதில்லை என்று கழுவும் மெஷினை என்னைக் கேளாமல் விற்றீர்கள்.
3. இன்று: மெஷினில் மாட்டும்வரை வெளிச்சமே படக்கூடாத அந்தப் பிளேட்டுகளை, பழைய பழக்கத்தில் வெயிலில் காய வைத்தீர்கள். தாள் முழுவதும் மை அப்பியது.

சேகர் பழியை மெஷின்மேன் காதர் பாய் மீது போட்டான்.

"கண்ணு தெரியலன்னா ஊட்ல இருங்க பாய். நாளைலேர்ந்து வராதீங்க."

"நான் மாட்டுனதோட சரி. வெயில்ல வச்சது யாருன்னு சாரக் கேளுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கெட்டுப்போன தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். காதர் பாய் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு முதலியார்பேட்டை பஸ்ஸுக்கு நடந்தார்.

காலையிலேயே அந்தப் பிளேட்டுகளை வெயிலில் பார்த்துவிட்டேன். நிழலுக்கு மாற்ற ஒரு நிமிடம் ஆகியிருக்கும். சேகர் அவமானப்படட்டும் என்று கடந்து போனேன்.

இது கடிதத்தில் இடம்பெறாது. கடைசி வரி மட்டும் பாக்கி:

காதர் பாயை எந்தத் தவறுக்காக நீக்கினீர்கள் என்பதற்கு, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் எழுத்துபூர்வமான பதில் தேவை.