ஜூலிக்கு நீங்கள் தைத்த பட்டை

பாய்,

இன்று காலை சின்னசேலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஒரு புதுப் பையை மடியில் வைத்திருந்தாள். ரெக்சின் வாசம் மூக்கில் ஏறியதும் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்டுவிட்டேன். உங்கள் பைக்கடையில் எந்நேரமும் அடிக்கும் அதே வாசம். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் அந்தத் தெரு வழியாகப் போக மனசு வரவில்லை, சுற்றிக்கொண்டுதான் டியூட்டிக்குப் போகிறேன்.

கல்வராயன் மலையில் நர்ஸாக இருந்தபோது கிடைத்தவள் ஜூலி. காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி அவள் கழுத்தை அறுத்திருந்தது. காயம் ஆறியது, பயம் ஆறவில்லை. மாற்றலாகி அவளோடு கள்ளக்குறிச்சிக்கு வந்தபோது வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒரு மாசம் டைம். கட்டி வச்சிக்கினா இருங்க. இல்லன்னா நாய எங்கனா வுட்டுட்டு வாங்க." கழுத்தில் எதையும் கட்ட முடியாது. நெஞ்சோடு மாட்டும் பட்டை ஒன்று வாங்கினேன். அதைத் தலைக்கு மேலே கொண்டுபோனாலே கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கிவிடுவாள்.

பட்டைதான் சரியில்லையோ என்று உங்களிடம் வந்தேன். உங்களுக்கோ நாய் என்றாலே நடுக்கம். எச்சில் பட்டால் கழுவாமல் தொழ முடியாதே என்ற கவலை வேறு. ஆனாலும் தூர நின்றபடி அவள் கழுத்துத் தழும்பை ரொம்ப நேரம் பார்த்தீர்கள். பழைய ஸ்கூல் பைகளின் வாரை அறுத்து மெத்தென்று ஒன்று தைத்தீர்கள். கிளிப் சத்தத்துக்கு அவள் துள்ளியதும், அதைப் பிய்த்துவிட்டுத் துணி நாடா வைத்தீர்கள். "நீங்க மாட்டி வுடாதீங்க சிஸ்டர். அது முன்னால வைங்க. அதுவா வரட்டும்" என்றீர்கள்.

தினமும் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போய், அவளோடு உங்கள் கடைக்குக் கிளம்புவேன், கட்டாமலே என் பின்னால் வருவாள். பட்டையைக் கடைப்படியில் விரித்து, வளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பொறை பிஸ்கட்டை வைத்து, அளக்கும் ஸ்கேலால் தள்ளிவிடுவீர்கள். முதலில் மோந்து பார்த்துவிட்டு ஓடினாள். பத்து நாள் கழித்து மூக்கை மட்டும் நுழைத்தாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. கெடு முடிய எட்டு நாள் இருக்கையில், ஒரு ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்த கையோடு, தம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மாட்டிவிட்டேன். நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாள். இரண்டு நாள் சோறு தொடவில்லை.

உங்களிடம் வந்து அழுதேன். திட்டுவீர்கள் என்று நினைத்தேன். "இன்னா பண்றது. மொதல்லேர்ந்து ஆரம்பிப்போம்" என்றீர்கள். வீட்டுக்காரரிடம் நீங்களே போய்ப் பேசி இன்னும் பதினைந்து நாள் வாங்கித் தந்தீர்கள். அது முடிவதற்குள் ஒரு சாயங்காலம், ஜூலி தானாகத் தலையை உள்ளே விட்டு, பட்டையோடு நிமிர்ந்து, உங்கள் கையை நக்கிவிட்டாள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. "இன்னா வேல பண்ணிச்சி பாருங்க உங்க பொண்ணு, தொழுவப் போற நேரத்துல!" என்று சிரித்துக்கொண்டே குழாயடிக்கு ஓடினீர்கள். வீட்டுக்காரர் அப்புறம் வாயே திறக்கவில்லை. ஜூலி இன்றும் என்னோடுதான் இருக்கிறாள்.

போன வருஷம் மூச்சு வாங்க வாங்க எங்கள் வார்டுக்கே உங்களைத் தூக்கி வந்தார்கள். ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தீர்கள். "கையப் பிடிங்க!" என்று கத்தியது நான்தான் பாய். உங்கள் மகன் இரண்டு கையையும் அமுக்கிப் பிடிக்க, எலாஸ்டிக்கை இழுத்துத் தலைக்கு மேலே கொண்டுவந்தேன். அப்போது என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். கட்டிலுக்கடியிலிருந்து ஜூலி பார்த்த பார்வை அது. மகனை விலகச் சொல்லி, மாஸ்க்கை உங்கள் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதைத் தடவிப் பார்த்தீர்கள். பிறகு நீங்களாகவே மூக்கில் வைத்துக்கொண்டீர்கள். மூச்சுக்கு நடுவே, "பொறை எங்க சிஸ்டர்?" என்றீர்கள்.

மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். அதைத் தடுக்க என்னால் முடியவில்லை. உங்கள் கையை அமுக்கிப் பிடித்ததோடு எல்லாம் முடிந்திருந்தால், என்னால் தாங்கியிருக்க முடியாது.

இப்போது, உயிர் போகிற அவசரம் என்றால் வேறு வழியில்லை. மற்றபடி யாராக இருந்தாலும் மாஸ்க்கை முதலில் அவர்கள் கையில்தான் கொடுக்கிறேன். "லேட்டாவுது சிஸ்டர்" என்று புதிதாக வந்த நர்ஸ் பெண்கள் முணுமுணுக்கிறார்கள். லேட்டாகத்தான் ஆகிறது. ஆகட்டும் என்று நிற்கிறேன்.