எலுமிச்சைச் சாறு கொடுத்த பிறகும்

திருநின்றவூர்
12.02.2025

டில்லி மாமாவுக்கு, உங்கள் மனைவி அருள்மொழி எழுதுவது.

நலமாக இருப்பீர்கள். நான் தங்கை வீட்டில்தான் இருக்கிறேன். போன் செய்தால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். அதனால் இந்தக் கடிதம்.

நேற்று ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். கை நரம்பில் கொஞ்சம் கதிரியக்க மருந்தை ஏற்றி, கேமராவுக்குக் கீழே அரை மணி நேரம் படுக்க வைத்தார்கள். எச்சில் சுரப்பிகள் அந்த மருந்தை இழுத்து, எச்சிலோடு வாய்க்குள் விட வேண்டுமாம். நடுவில் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அப்போது எச்சில் ஊறி, திரையில் மருந்தின் அளவைக் காட்டும் கோடு சரசரவென்று இறங்குமாம். எனக்கு இறங்கவில்லை. புளிப்பில் நாக்கு எரிந்ததுதான் மிச்சம்.

உடம்பே தன் சுரப்பிகளை அழிக்கிற நோயாம். கண்ணீர்ச் சுரப்பிகளும் அப்படித்தான் கெட்டிருக்கின்றன என்றார் டாக்டர். உங்கள் அம்மா இறந்த அன்று நான் அழவில்லை என்று, பிணத்துக்கு முன்னால் ஊரே பார்க்க என்னை அறைந்தீர்கள். "ஒரு சொட்டு தண்ணி வர்ல பாரு, கல் நெஞ்சிக்காரி" என்றார் உங்கள் அக்கா. அது ஏன் என்று இப்போது தெரிந்துவிட்டது. சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அருள்மொழி


மண்ணூர்பேட்டை
20.02.2025

அன்புள்ள அருளு,

கடிதத்தை கம்பெனியில் டீ நேரத்தில் படித்தேன். இப்படி ஒரு நோய் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? சோறு தொண்டையில் இறங்கவில்லை என்பாய். சாப்பிடாமல் நடிக்கிறாய் என்று நினைத்தோம்.

அக்காவிடம் சொன்னேன். "டாக்டரு எய்திக் குட்த்தாரா இன்னா? கொண்டாரச் சொல்லு, பாக்கலாம்" என்கிறாள். அடுத்த மாதம் அம்மாவுக்கு முதல் வருஷத் திதி. சொந்தக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வா. எல்லோர் முன்னாலும் நானே படித்துக் காட்டுகிறேன். உன் மேல் இருக்கிற பேச்சு தீரும். அப்படியே இங்கேயே இருந்துவிடு. தனியாகச் சமைத்துச் சாப்பிட முடியவில்லை.

உன் டில்லிபாபு


திருநின்றவூர்
03.03.2025

டில்லிபாபு அவர்களுக்கு,

எட்டு வருஷம் வாய் காய்கிறது, கண் எரிகிறது என்று நான் சொன்னேன். நம்பவில்லை. ஒரு காகிதம் சொன்னதும் கூப்பிடுகிறீர்கள். அறைந்ததைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. இரண்டு முறை தேடிப் பார்த்தேன்.

அந்த வீட்டில் என்னை நம்பியது உங்கள் அம்மா, என் அத்தை ஒருவர்தான். கடைசி வாரம் அவருக்குத் தண்ணீர் உள்ளே போகவில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவேன். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வாயுந்தான் காஞ்சிகினு கீது. நீ மொதல்ல குடிம்மே" என்றார். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சாட்சி கேட்டிருப்பீர்கள்.

அவர் இறந்த அன்று தலைமாட்டில் நான் அழுதுகொண்டுதான் நின்றேன்.

ரிப்போர்ட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டுங்கள். திதிக்கு நான் வரவில்லை. அதற்குப் பிறகும் வர மாட்டேன்.

அருள்மொழி