பெயர் மேல் ஒட்டிய சீட்டு

என்னை இங்கே விட்டுவிட்டு ஹார்ட் டிஸ்க் கம்பெனியோடு குடித்தனம் நடத்தும் என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் என் கவலை.

முதலில் ஒரு திருட்டுத்தனத்தை ஒப்புக்கொள்கிறேன். ரிப்பேர் கடையில் என் வேலை உங்களுக்குத் தெரியும். செத்த டிஸ்க்கை வாங்கி, வாடிக்கையாளர் பெயர்ச் சீட்டை ஒட்டி உள்ளே அனுப்ப வேண்டும். மூன்று மாதமாக உங்கள் கம்பெனி டிஸ்க் வந்தால் மட்டும், கம்பெனி பெயர் மேலேயே சீட்டை வைத்து நான்கு மூலையும் அழுத்தி ஒட்டிவிடுவேன். வரிசையில் நிற்பவர்கள் பார்க்கக் கூடாதே. ஏழாம் வகுப்போடு நின்றவளுக்கு அதற்கு மேல் மூளை ஓடவில்லை.

மாடல் எண்ணும் அங்கேதான் இருக்குமாம். எனக்கு என்ன தெரியும்? மெக்கானிக் தம்பி வடிவத்தைப் பார்த்தே கம்பெனியைச் சொல்லிவிடுவார். மாடல் தெரியாததால் உங்கள் சரக்கு எல்லாமே மோசம் என்று முடிவு கட்டி, 'இந்தக் கம்பெனி வேண்டாம்' என்று கடை வாசலில் அட்டை மாட்டிவிட்டார். காப்பாற்றப் போய் உங்கள் மானத்தை நானே வாசலில் தொங்கவிட்டேன்.

உங்கள் அக்காவின் டிஸ்க்கும் எங்கள் அலமாரிக்குத்தான் வந்தது. நீங்கள் வாங்கிக் கொடுத்தது. அவருடைய மறைந்த வீட்டுக்காரர், நம் அண்ணன், பேசிய வீடியோ எல்லாம் அதில்தான் இருந்தது. அது நின்றுபோன அன்று அக்கா போனில் உங்களிடம், "உன் கம்பெனி டப்பாவை நம்பி அவரை ரெண்டாவது தடவையும் பறிகொடுத்துட்டேன்டா" என்று சொல்லிவிட்டார். அன்றே லீவுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டீர்கள். நாற்பது நாளாக என் போனையும் எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் காகிதம்.

அக்காவின் டிஸ்க்கைச் சரிசெய்ய அதே மாடலின் பாகம் வேண்டுமென்று தம்பி என் சீட்டுகளை உரித்திருக்கிறார். பத்தொன்பதில் பதினேழு ஒரே மாடல். என்னைக் கூப்பிட்டு, "முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு பிள்ளையைத்தான் திட்டியிருப்பேன். இப்போ குடும்பத்தையே திட்டிட்டேனே" என்றார். அட்டையில் இப்போது அந்த மாடல் எண் மட்டும்தான். எங்கள் கடைக் கணினியில் ஒன்பது வருஷமாக ஓடுவதும் உங்கள் கம்பெனி டிஸ்க்தானாம். யாரும் கவனிக்கவில்லை. கெட்டால்தானே பெயரைப் பார்க்கிறார்கள்?

நீங்களும் ஒன்று யோசியுங்கள். கம்பெனியில் உங்கள் சோதனை மேசையில் பச்சை விளக்கு எரிந்தது, பெட்டியில் போட்டீர்கள். என்னவோ பத்து மாதம் சுமந்து பெற்ற மாதிரி ஏன் தலை குனிகிறீர்கள்?

ஒன்பது நாள் பாடுபட்டுத் தம்பி அண்ணனை மீட்டுவிட்டார். முதலில் வந்த வீடியோவில், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அதை எங்கே வைத்தாய் என்று உங்கள் அக்காவைத் திட்டிக்கொண்டிருக்கிறார். உங்கள் அக்கா எங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து நான்கு முறை பார்த்தார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதோ வயித்தெரிச்சல்ல சொன்னேன். அதைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான் பாரு. வரச் சொல்லு அவனை" என்றார். எந்தக் கம்பெனியானாலும் இரண்டு பிரதி வேண்டும் என்று தம்பி சொன்னதும், உங்கள் கம்பெனியின் வேறு மாடலாகக் கேட்டு இரண்டு வாங்கினார்.

லீவுக்கு வாருங்கள். உங்கள் சட்டைகளைத் தேய்த்து வைத்துவிட்டேன். திட்ட ஆள் இல்லாமல் வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
வாயாடி

பின்குறிப்பு: வாங்கிய இரண்டில் ஒன்று, உங்கள் அக்கா கடைப்படி இறங்கும்போது கை நழுவிக் கீழே விழுந்தது. மொத்தம் பதினொரு படி. தம்பி அதை உள்ளே வாங்கி வைத்திருக்கிறார். இதில் உங்கள் கம்பெனி மேல் எந்தத் தப்பும் இல்லை.