முன்கூட்டியே ஒரு சாட்சி

செப்டம்பர் 8, திங்கள்

கம்பெனியில் இன்று புதுச் சரக்கு ஆரம்பம். மனித நரம்பில் இருக்கிற ஒரு புரதம். நரம்பு முனைக்குக் கால்சியம் வந்தால் இது கண்டுபிடித்துவிடும். அங்கே இருக்கும் குட்டிக் குட்டிப் பைகளைத் திறக்க வைக்கும். பைக்குள் இருப்பது அடுத்த நரம்புக்குப் போகும். ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்வதற்கும் இது வேண்டுமாம். இதன் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அந்தக் கிருமியையே இந்தப் புரதத்தைச் செய்ய வைக்கிறோம். சிப்காட் தொழிற்பேட்டையில் சுற்றிலும் இரும்பு உருக்குகிறார்கள், நாங்கள் கிருமிக்குத் தீனி போட்டு வளர்க்கிறோம். வாங்கப் போவது ஓர் ஆராய்ச்சிக்கூடம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாடி இன்னிக்கு இப்டி நாறுற?" விளக்கிச் சொன்னேன். "ஞாபகத்துக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரோலிங் மில்லில் வேலை பார்த்த மனிதர். மறதி நோய் என்று போன வருஷம் டாக்டர் சொன்னார். ராத்திரி மாத்திரை ஆரம்பித்த பிறகு நோய் முற்றாமல் அப்படியே நின்றிருக்கிறது. என்னை ஷைனி என்று கூப்பிடுகிறார், ரசத்தில் உப்பு குறைந்தால் சண்டை போடுகிறார். எனக்கு அது போதும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சர்ச்சில், ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் அம்மா எழுந்தாள். "என் ஊட்டுக்காரருக்கு ஆண்டவர் ஞாபகத்த திருப்பிக் குடுத்துட்டாரு. அதுக்கு மருந்த என் மவ கையாலயே செய்ய வெச்சிருக்காரு." எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "நடக்கவே இல்லியேம்மா, ஏன் சொன்ன?"

"நடந்த அப்பால யாரு வேணா சொல்லுவாங்க. முந்தி சொல்றதுதான் விசுவாசம்."

சபைக்கு வரும் கிரேஸ் அக்கா வேறு, அந்த மருந்து தன் மாமனாருக்குக் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே ரோடு வரைக்கும் வந்தாள்.

செப்டம்பர் 17, புதன்

மறுபடியும் சொன்னேன்: அது மருந்து இல்லை, ஆராய்ச்சிக்கு மட்டும். "சரிம்மா சரி" என்றாள். அந்தச் சரி எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

புரதம் வந்துவிட்டது, ஆனால் கால்சியத்தைப் பிடிக்கவே இல்லை. பிடிக்காவிட்டால் அது வெறும் மாவு. "திரும்பப் பண்ணலாம்" என்றார் வசந்தகுமார் சார். எங்கள் லேப் இன்சார்ஜ், எதற்கும் கத்த மாட்டார்.

செப்டம்பர் 26, வெள்ளி

அப்பாவைக் காணோம் என்று அம்மா போன் செய்தாள். பாதி வேலையில் ஓடி வந்தேன். கவரைப்பேட்டை ஸ்டேஷன் பெஞ்சில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வண்டி லேட்டு, மேஸ்திரி திட்டுவாரு" என்றார். மில்லை விட்டு வந்து எத்தனையோ காலம் ஆகிறது.

வீட்டில் மாத்திரை டப்பாவைத் திறந்தேன். புது அட்டை பிரிக்கவே இல்லை. அம்மா சாட்சி சொன்ன அன்றிலிருந்து கொடுக்கவில்லை.

"சாட்சி சொல்லிட்டு மாத்திரையும் குடுத்துக்கினு இருந்தா, நம்பலன்னு ஆவாதாடி?"

கத்தினேன். அறிவிருக்கா உனக்கு, மனுசனக் கொல்லப் பாக்கறியான்னு — அப்பா எதிர்லயே. அவரு எழுந்து வந்து, பொம்பளப் புள்ள கத்தக் கூடாதுன்னாரு. இன்னா செய்யறது? யாரப் போய்த் திட்டறது? தெருவுல எல்லாரும் வேடிக்கை பாத்தாங்க. பாக்கட்டும்.

செப்டம்பர் 27, சனி

டாக்டரிடம் கூட்டிப் போனேன். குறைந்த அளவிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டுமாம். "ஆனா போனது அத்தனையும் திரும்பி வரும்னு சொல்ல முடியாது" என்றார். அம்மா மாத்திரையைக் கையில் வாங்க மறுக்கிறாள். எனக்கு நைட் ஷிப்ட் வந்தால் யார் கொடுப்பது?

அக்டோபர் 1, புதன்

கம்பெனியில் ஆயுத பூஜை. வருஷத்தில் இன்று ஒரு நாள்தான் வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். அம்மாவைக் கூட்டிப் போனேன். ஃப்ரீசருக்கு மாலை, சுழற்றுகிற மெஷினுக்குச் சந்தனப் பொட்டு. அம்மா ஒன்றையும் பார்க்கவில்லை. நேராக வசந்தகுமார் சாரிடம் போனாள்.

"என் ஊட்டுக்காரருக்கு ஒரு சொட்டு குடுங்க சார்."

சார் சிரிக்கவில்லை. நாற்காலி எடுத்துப் போட்டார். "வாயில போட்டா வயிறு சோறு மாதிரி செரிச்சுடும்மா. ஊசியில போட்டா மூளைக்குள்ள போகாது. உடம்புக்குக் கெடுதல் வேற."

"அப்போ இன்னாத்துக்கு செய்றீங்க?"

"நோய் எப்படி வருதுன்னு பாக்க. பாத்து, என்னிக்காவது மருந்து கண்டுபிடிப்பாங்க."

"என்னிக்கு?"

"தெரியாதும்மா."

பொரிப் பொட்டலத்தோடு ஷேர் ஆட்டோவில் வந்தோம். பாதி வழியில் அம்மா சொன்னாள். "தெரியாதுன்னு சொல்றாரே. பொய் சொல்ற ஆளா இருந்தா ஒரு தேதி சொல்லியிருப்பாரு." நான் இத்தனை நாள் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று, போகட்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

சாட்சி நேரம். அம்மா மறுபடி எழுந்தாள்.

"போன மாசம் நான் சொன்னது நடக்கல. அவரு மாத்திரையையும் நிறுத்திட்டேன். அவரு மோசமாயிட்டாரு. நீங்க யாரும் அப்டி செஞ்சிடாதீங்க."

ஒருவர்கூட ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பாஸ்டர் அவசரமாகப் பாட்டை ஆரம்பித்தார். அம்மா உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் அம்மாவைப் போல் தைரியசாலியை நான் பார்த்ததில்லை. ராத்திரி மாத்திரையை அவளே கொடுத்தாள்.

அக்டோபர் 13, திங்கள்

இரண்டாவது சரக்கு பாஸ். முதல் தடவை, கால்சியத்தை இழுத்துக்கொள்ளும் ஓர் உப்பு, கரைசலில் மிச்சம் இருந்திருக்கிறது. இந்த முறை நன்றாகக் கழுவினோம், பிடித்துக்கொண்டது. ஐஸில் வைத்து அனுப்பியாகிவிட்டது.

அக்டோபர் 19, ஞாயிறு

மாத்திரை ஒரு நாளும் தவறவில்லை. அப்பா ஸ்டேஷன் பக்கம் போவதில்லை. இரவு மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அம்மா பக்கம் சாய்ந்து, எனக்குக் கேட்காது என்று நினைத்து மெதுவாகக் கேட்டார்.

"இந்தப் பொண்ணு டெய்லி இங்கியே சாப்புடுதே, இதுக்கு ஊட்ல யாரும் இல்லியா?"

அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னாள். "இருக்காங்க. நீ சாப்புடு."