முழுப் பேரா, அரைப் பேரா

பலாங்கொடை,
ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகள் பிலோமினாவுக்கு,

யேசுவின் சமாதானம் உன்னோடும் மடத்தில் உன்னோடு இருக்கும் சிஸ்டர்மார் எல்லோரோடும் இருப்பதாக. நானும் அப்பாவும் சுகம். அங்கே போன் தரமாட்டார்கள் என்பதால் இதையெல்லாம் உட்கார்ந்து எழுதவேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும், மகள்!

பக்கத்து வீட்டு விஜயகலாவோடு நான் பேசி ரெண்டு வருஷம் ஆகிறது, உனக்குத் தெரியும். பீலியில் தண்ணீர் பிடிக்கிற சண்டை. யார் முதலில் குடம் வைத்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் நான்தான் என்பேன், அது வேறு விஷயம்.

போன புதன்கிழமை செபக்கூட்டம் நம் வீட்டில். பங்குச் சாமி பூசை வைக்க மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். மற்ற நாளில் நாங்கள் ஏழெட்டுப் பேரும் நாங்களாகவே வேதம் வாசித்து, ஆளுக்கொரு வார்த்தை பேசி, தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைவோம். அன்றைக்கு வாசித்தது நான். உங்கள் பேர் மோட்சத்தில் எழுதியிருக்கிறது, சந்தோஷப்படுங்கள் என்று பெரிய சாமியார் மாதிரி விளக்கமும் சொன்னேன். பாட்டுக் கேட்டு வாசலில் வந்து நின்ற விஜயகலா அங்கிருந்தே கேட்டாள், முழுப் பேராங்க, அரைப் பேராங்க என்று!

சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. நமக்குப் பேர் என்றால் நாள் சம்பளம்தானே. பதினெட்டுக் கிலோ தேயிலைக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவள் வலது கையைப் பார்த்தேன். மணிக்கட்டு வீங்கி, துணி சுற்றியிருந்தது. மூன்று வாரமாக அவளுக்கு அரைப் பேர்தானாம். நடுவில் ஒரே ஒரு சுவர், எனக்குத் தெரியாது! வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவள் எனக்கு முன்னால். அவள் சாக்கு பத்துக் கிலோகூடத் தேறாது. எனக்கு என்ன வந்ததோ, என் கொழுந்தை ரெண்டு கையாலும் அள்ளி அதில் போட்டேன். என்னாத்துக்கு என்று முறைத்தாள். வாயை மூடிக்கிட்டு சாக்கைப் புடி என்றேன். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை, ஆண்டவர் மன்னிக்கட்டும். பின்னால் நின்ற செபக்கூட்டத்துப் பெண்களும் அள்ளிப் போட்டார்கள். சிங்கள சோமாவதி அக்காகூட அனே பவ், ஐயோ பாவம், என்று ஒரு பிடி போட்டாள். கணக்கப்பிள்ளை இந்திரகுமார் தராசைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஹரி ஹரி, சரி சரி, என்று சிங்களத்தில் சொல்லி முழுப் பேர் எழுதிவிட்டார். வெள்ளியும் சனியும் இதே கதைதான்!

நேற்று அவளே வீட்டுக்குள் வந்தாள். நாளைக்கு இல்லை, அதற்கடுத்த திங்கட்கிழமை இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கையை ஒப்பரேசன் பண்ணுகிறார்களாம். துணைக்கு யார் என்று கேட்டார்களாம். அக்கா வருவாங்கன்னு சொல்லிட்டேன் என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. அவளுக்கு ஏது அக்கா? கூடப்பிறந்தது மூன்றும் ஆண்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அந்தக் கை அவளுக்குச் சரியாகவேண்டும், மகள். எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை நாளும் அவளை நினைத்தால் என் வாயில் வசவுதான் வந்தது, செபம் வந்ததில்லை. இப்போது எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. ஆகையால் அன்று காலை ஆறு மணிக்கு நீ அங்கே செபமாலையைத் தொடங்கு. அருள் நிறைந்த மரியே செபத்தில் முதல் பாதியை நீ சொல்லு. மறுபாதியை நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொல்லிக்கொள்கிறேன்.

உன்னை ஆசீர்வதிக்கும் அம்மா,
சவரியம்மா