முள்ளை நகர்த்தாதே

நேற்றுக் காலை திருநின்றவூரில் என் வீட்டு ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. ராக்கெட் பார்க்க எதிர்வீட்டுக்காரர்கள் மாடிக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. நீ இறந்த பிறகு உன் மனைவி என்னிடம் கொடுத்த உன் ரேடியோவைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பில் உன் அறை, கூட நான். போர்ட் பிளேரில் இருந்த உன் தங்கை கணவரும் உன்னைப் போல, வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசுகிற ஹாம் ரேடியோக்காரர். ட்ரங்க் கால் கிடைப்பதற்குள் நீங்கள் இருவரும் பேசியே முடித்துவிடுவீர்கள். குரல் மறைந்தால் யாரும் அலைவரிசை முள்ளை நகர்த்தக் கூடாது என்பது உங்கள் ஏற்பாடு. இருவரும் தேடக் கிளம்பினால் இருவருமே தொலைந்துபோவீர்கள்.

அன்று உன் தங்கைக்குப் பிரசவம் சிக்கலாகி அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி அவர்கள் வீட்டுக்கு எதிரில்தான். உனக்குச் சொல்வதற்காகக் குறித்த நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்திருந்தார். இங்கே நம் ஜன்னலுக்கு வெளியே, வடக்கே வெள்ளைக் கோடாக ராக்கெட் ஏறியது. சில நிமிடங்களில் அவர் குரல் பதறியது.

"மச்சான், ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆள் ஓடி வர்றாரு. இருங்க, கேட்டுட்டு..."

குரல் அமுங்கிப்போயிற்று. வெறும் இரைச்சல்.

"ஏரியல் அறுந்துச்சா பாரு மாமே!" என்று என்னை மாடிக்கு விரட்டினாய்.

மாடியில் கம்பி அப்படியே இருந்தது. பக்கத்து மாடியில் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இறங்கி வந்தால் நீ முள்ளைத் திருகிக்கொண்டிருந்தாய்.

"பழைய எடத்துல வை."

"சும்மா கெட! அவ பூட்டா. சொல்ல வாய் வராம ஆஃப் பண்ட்டாரு."

உன் விரல்களைப் பிரித்து முள்ளைப் பழைய இடத்தில் வைத்தேன். உன் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல்:

"...ச்சான், எத்தினி வாட்டி சொல்றது? பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"யோவ், அத மொதல்ல சொல்லித் தொலைக்கக் கூடாதா!" என்று அழுதுகொண்டே திட்டினாய்.

பின்னர் என் பத்திரிகைச் செய்திக்காகச் சந்தித்த விஞ்ஞானி ஒருவரிடம் கேட்டேன். மிக உயரத்தில் மின்னூட்டம் கொண்ட ஒரு காற்றடுக்கு இருக்கிறது. ரேடியோவின் சிற்றலைகள் அதில் பட்டுத்தான் திரும்புகின்றன. ராக்கெட் புகையின் நீராவி அந்த மின்னூட்டத்தை விழுங்கிவிடுமாம். கொஞ்ச நேரம் அங்கே ஓர் ஓட்டை. அன்றைய மௌனம் அதனால்தானா என்பதை அவர் உறுதியாகச் சொல்லவில்லை.

உன்னிடம் சொன்னபோது நீ சிரிக்கவில்லை.

"ஆவி பட்டாலே ஓட்டையாவுமா? தலைக்கு மேல கீறது அவ்ளோதானா மாமே?"

"வெயில் அடைச்சிடுமாம்."

"அடைக்காங்காட்டி?"

எத்தனையோ பேரிடம் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான். இதை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நீ எந்த ராக்கெட்டுக்கும் கைதட்டியதில்லை, நானும்தான்.

உன் தங்கை கணவர் ரேடியோவை விட்டு வெகுகாலமாயிற்று. நேற்று உங்கள் பழைய இடத்தில் யாரும் இல்லை. இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. விரல் திருகியின் மேலேயே இருந்தது.

நகர்த்தவில்லை.